சோலைக்கிளி தேடி ஐந்து நாள்: கொடைக்கானலும் மேல்மலையும்

மார்ச் 5, புதன் – வத்தலக்குண்டு, காட்ரோடு

குழப்பம் வத்தலக்குண்டு டீக்கடையிலேயே தொடங்கிவிட்டது. எங்கே பயணம் என்று கேட்டவரிடம் சோலைக்கிளி பார்க்க என்று சொன்னால், “கிளி பாக்க எதுக்கு கொடைக்கானலு? நம்ம தோப்புக்கு வாங்க, சாயங்காலம் கூட்டங்கூட்டமா எறங்கும், வெரட்டத்தான் ஆளில்ல” என்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளிதான். மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையும் கிளி. சோலைக்கிளி என்ற பெயர் அந்தக் கணக்கில் வந்தது: மலை மடிப்புகளில் ஒதுங்கி நிற்கிற குளிர்காட்டில், அதாவது சோலையில், இருக்கும் குருவி. சிட்டுக்குருவி அளவுதான், சுமார் 15 செ.மீ. கால் மட்டும் அந்த உடம்புக்குக் கொஞ்சம் நீளம், ஏனென்றால் வாழ்க்கை முழுக்கத் தரையில். முதுகும் மார்பும் ஸ்லேட்டு நீலம், வயிறு வெள்ளை, கண்ணுக்கு முன்னால் கறுப்பு, அதற்கு மேலே வெளிர்நீலத்தில் சின்னப் புருவம்.

மலை ஏறும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். ஒன்று, இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து, அரசுப் பேருந்தைத் தவிர வெளியூர் வண்டி எதுவும் இ-பாஸ் இல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வாடகை வண்டிக்குப் பதிவு செய்தபோது எண்ணில் 6-க்குப் பதில் 8 விழுந்திருந்தது. சோதனைச் சாவடியில் ஓரங்கட்டி, சிக்னல் கிடைக்கும் திருப்பம் வரை நடந்துபோய்ப் புதிதாக எடுத்ததில் முக்கால் மணி நேரம் போச்சு. ஓட்டுநரிடம் ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தே எண்ணைப் போடுங்கள். இரண்டாவது, ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும். ஸ்டீல் பாட்டில் கொண்டுபோனால் பேச்சே இல்லை.

டம்டம் பாறை தாண்டியதும் மலைவாழை. விருப்பாட்சி என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் மலைப்பழம் என்றால் எதையாவது கொடுப்பார்கள். தோல் கறுக்கத் தொடங்கிய பழத்தைத்தான் எடுக்கணும். மஞ்சளாகப் பளபளவென்று இருப்பது இன்னும் துவர்க்கும். ஒன்று 10 ரூபாய். கடைக்காரம்மா நல்ல பழமாகத் தானே பொறுக்கி வைத்து, “இத நாளைக்குத் திங்கிங்க, இத இப்பத் திங்கிங்க” என்று இரண்டு தனிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ராத்திரி வட்டக்கானலில் 9 டிகிரி. அறை 1500 ரூபாய், வெந்நீர் ஆளுக்கு ஒரு வாளி.

மார்ச் 6, வியாழன் – வட்டக்கானல்

இன்று ஒன்றும் கிடைக்கவில்லை. எதனால் என்று விவரமாக எழுதுகிறேன், இங்கே வந்துவிட்டு அந்தப் பறவை அங்கே இல்லை என்று சொல்லிப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்.

காலை எட்டரைக்குக் கிளம்பி டால்பின் மூக்குப் பாதையில் இறங்கினால் அந்த நேரத்தில் மூன்று கூட்டம் எதிரே வரும், ஒன்றின் கையில் ஸ்பீக்கர் இருக்கும். வெயில் மரத்துக்குள் இறங்கிவிட்டது. சோலைக்கிளி அரைவெளிச்சத்துக்காரன். பெரிய கண்ணோடு இருட்டுத் தரையில் பூச்சி பொறுக்குகிறது. சுள்ளென்று வெயில் விழும் தரைக்கு அது வருவதில்லை. அடுத்த தப்பு, தலையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. பறவை பார்க்கப் போனால் கழுத்து தானாக மேலே போய்விடுகிறது. மேலே தெரிந்தது எல்லாம் வெள்ளைக்கண்ணியும் நீலகிரி ஈப்பிடிப்பானும்தான்.

நீலகிரி ஈப்பிடிப்பானைப் பார்த்துவிட்டு சோலைக்கிளி என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆண் பறவை நீலமாக இருப்பதால் வருகிற வினை. அது கிளையில் நிமிர்ந்து உட்காரும், பறந்து பூச்சியைப் பிடித்துவிட்டுத் திரும்பி உட்காரும். இன்னொன்று வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான். நீல மார்பு, வெள்ளை வயிறு என்று படத்தில் பார்த்தால் ஏறக்குறைய சோலைக்கிளியேதான். ஆனால் அது கீழே, பசுமைமாறாக் காட்டின் ஆள். அதுவும் கொடியில், குச்சியில் உட்காருகிற ஜாதி. நிறத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். இலைச்சருகின் மேல் நாலு தாவல் தாவி, சட்டென்று நின்று, தலையைச் சாய்த்துக் கவனித்து, மறுபடி நாலு தாவல் தாவுகிற நீலக்குருவி என்றால் சந்தேகம் வேண்டாம்.

மதியம் ஒன்றரைக்கே பனிமூட்டம் ஏறிவிட்டது. வட்டக்கானல் முக்கில் இருக்கிற பெட்டிக்கடையில் பிரெட் ஆம்லெட் 60, டீ 15. கடைக்கார அக்காவிடம் சோலைக்கிளி என்று மறுபடியும் வாயைக் கொடுத்தேன். “கிளி எல்லாம் பெரியகுளம் பக்கம் தம்பி, இங்க குளுருக்குத் தாங்காது” என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு ஆம்லெட்டில் ஒரு பச்சை மிளகாயைச் சேர்த்துப் போட்டார்.

மாலை ஐந்தே முக்கால். பாம்பார் சோலை ஓரமாக, ரோட்டுக்குக் கீழே ஓடை போகிற சிறுபாலத்தில் சும்மா நின்றபோது பாட்டு கேட்டது. மெல்லிய ஊசிபோல ஒரு சீழ்க்கையில் தொடங்கி, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுகிற சுரங்கள், நடுவில் வண்டு ரீங்காரம் மாதிரி ஓர் இழுப்பு. இதே ஓடையில் சீகாரப் பூங்குருவியும் பாடும். அது வேலை இல்லாத பையன் வாய்க்கு வந்ததை விசிலடிப்பது போல ஓய்வாக, மனுஷக் குரலுக்குப் பக்கத்தில் இருக்கும். சோலைக்கிளியுடையது அதைவிட உயரம், அவசரம், சிக்கல். ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டால் பிறகு மாறாது.

பாட்டு பதினைந்து அடி தூரத்தில். பறவை தெரியவில்லை. இருட்டிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி – பாம்பார் சோலை ஓரம்

காலை 5.50-க்கு அதே சிறுபாலம். சூரியன் ஆறரைக்குத்தான். காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் இந்தப் பறவைக்கு உள்ளே போகத் தேவையே இல்லை. ரோடு ஓடையைக் கடக்கிற இடம் எதுவானாலும் சரி. பார்க்க வேண்டியது மூன்று: மேலே கூரை மூடியிருக்கணும், கீழே ஈரச் சருகு கனமாகக் கிடக்கணும், புதர் நெருக்கமாக இல்லாமல் தரை கொஞ்சம் திறந்திருக்கணும். ஈரச் சருகுக்கு அடியில்தான் புழுவும் வண்டும். ஓடைக் கரையில் அது காய்வதில்லை, அதனால் மார்ச் ஏப்ரல் வறட்சியிலும் பறவை ஓடையை விட்டு நகராது.

நிற்கும் இடம் ஓடையிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி, ஒரு மரத்துக்கு முதுகு கொடுத்து. ஆகாயத்தைப் பின்னால் வைத்து நின்றால் உங்கள் உருவம் கறுப்பாகத் தெரியும். ரெயின்கோட் வேண்டாம். நைலான் துணி கையை அசைக்கும்போதெல்லாம் சரசரக்கும், அந்தச் சத்தம்தான் முதலில் விரட்டும். பழைய கம்பளிச் ஸ்வெட்டர் மாதிரி உத்தமமானது எதுவும் இல்லை. பிறகு இருபது நிமிஷம் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். கால் மாற்றலாம், தலை திருப்பலாம், நடக்கக் கூடாது.

6.12-க்கு முதல் பாட்டு. 6.25-க்குச் சருகில் ஓர் அசைவு, ஒரு வேர்முடிச்சுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. முதலில் கண்ணில் பட்டது நீலம் இல்லை, வயிற்று வெள்ளை. அந்த இருட்டில் நீலமெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். கரையோரமாக வந்து, பாசி பிடித்த கல்லின் மேல் ஏறி நின்று, ஒரு புழுவை இழுத்து, இரண்டு முறை கல்லில் அடித்து விழுங்கிவிட்டு, மறுபடி சருகுக்குள். நாலு நிமிஷம். பயம் என்பதே இல்லை.

பைனாகுலர் 8x42 இருந்தால் போதும். பெரிதாகத் தெரியணும் என்று 10x50 கொண்டுவந்தவர் கை ஆடுகிறது, ஐந்து மீட்டருக்குள் வந்தால் குவியவும் மாட்டேன் என்கிறது. கேமராவுக்கு 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் வைத்து, ஐஎஸ்ஓ 3200-லிருந்து 6400, ஷட்டர் நொடியில் 80-ல் ஒரு பங்கு. படம் புள்ளிபுள்ளியாகத்தான் வரும். பிளாஷ் போடாதீர்கள், அரைவெளிச்சத்துக்குப் பழகிய கண். அறையிலிருந்து நேராக எடுத்துவந்தால் லென்ஸில் பனி படியும் என்பார்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் போகும்போதுதான் அது பெரிய தொல்லை. திரும்பி வந்ததும் கேமராப் பையின் ஜிப்பைத் திறக்காமல் அரைமணி நேரம் வாசல் திண்ணையிலேயே விடுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம்.

போனில் பாட்டைப் போட்டு அழைப்பது பற்றி ஒரு வார்த்தை. போட்டால் வரும். தன் எல்லைக்குள் இன்னொருத்தன் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வரும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கூடு கட்டும் காலம். மரப்பொந்திலோ கரை மண்ணின் பள்ளத்திலோ பாசியும் வேரும் வைத்துக் கட்டி இரண்டு முட்டை. அந்தக் காலத்தில் அதைப் பத்து நிமிஷம் இல்லாத எதிரியோடு சண்டை போட வைத்தால் கூட்டில் ஆள் இல்லை. சும்மா நின்றாலே வருகிற பறவைக்கு இது எதற்கு?

பெயர் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். இந்தப் பறவையைப் பழனி மலையிலிருந்துதான் 1868-ல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் முதன்முதலில் விவரித்துப் பெயர் வைத்தார். அதன்பின் நூற்றைம்பது வருஷம் இதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தெரியாமல், இமயமலைக் குட்டைச்சிறகனோடு ஒருமுறை, வேறு நீல ராபின்களோடு ஒருமுறை என்று மாற்றிமாற்றி வைத்தார்கள். 2017-ல் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலான ஆய்வாளர்கள் மரபணு பார்த்து, இதுவும் இதன் நெருங்கிய உறவுகளும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் (genus) என்று காட்டினார்கள். அப்போதுதான் சோலைக்கிளி என்ற பெயரும் ஏறியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி. அதற்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி மலையில் இந்த வெண்வயிற்றுக்காரர். செங்கோட்டைக் கணவாய் தாண்டி அகத்தியமலையில் அசம்புச் சோலைக்கிளி. மலையுச்சிக் குளிரை விட்டு இறங்காத குருவிக்குக் கணவாயின் சூடு கடலுக்குச் சமம். ஒவ்வொரு மலையும் ஒரு தீவு.

மாலை அதே பெட்டிக்கடை. காலையில் எடுத்த படத்தைக் கடைக்கார அக்காவிடம் காட்டினால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். “இதுவா? இதுக்கா இம்புட்டுப் பாடு? பாத்திரம் வெளக்குற எடத்துக்கு அந்திக்கு வரும், பின்னால போயி நில்லுங்க.” கடைக்குப் பின்னால் கழுவுகிற கல், அதிலிருந்து வழிகிற தண்ணீர் சோலைக்குள் இறங்குகிறது, சோற்றுப் பருக்கைக்குப் பூச்சி, பூச்சிக்குக் குருவி. 6.10-க்கு வந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு அலுமினியக் குண்டான்தான். அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டே இருந்தார், அதுவும் தன் வேலையைப் பார்த்தது.

மார்ச் 8, சனி – பூம்பாறை, மன்னவனூர்

சனிக்கிழமை ஏரிப் பக்கம் தலைகாட்டாமல் மேல்மலைக்குப் போய்விடுவது நல்லது. காலையிலேயே கிளம்பணும் என்று நினைத்து ஐந்தரைக்கு இறங்கினால் வழியில் காட்டுமாடு. இந்த ஊரில் அது தெருநாய் மாதிரி ஆகிவிட்டது, ஆனால் பழக்கப்பட்ட மாடு என்று நினைக்கக் கூடாது. டார்ச் அடிக்காமல், குறுக்கே போகாமல், அது கடக்கிற வரை வண்டிக்குப் பின்னால் நின்றோம். பால்காரர் ஒருவர் டிவிஎஸ்ஸை அணைத்துவிட்டு எங்களோடு நின்றார். “கன்னுக்குட்டி பின்னால வருது, அது போனப்புறம் போங்க.” அவர் சொன்ன மாதிரியே அரை நிமிஷம் கழித்துக் கன்று வந்தது.

பூம்பாறைக்கு 18 கி.மீ. படிப்படியாக வெட்டிய வயலில் பூண்டு. மலைப்பூண்டு கிலோ 400 சொன்னார்கள், 360-க்கு முடிந்தது. கட்டாகக் கட்டிய, காம்போடு இருக்கிற பூண்டாக வாங்குங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை பட்டு மாதக்கணக்கில் கெடாது. காம்பு நறுக்கியது சீக்கிரம் முளைத்துவிடும். சாப்பாடு ஒரு வீட்டுத் திண்ணையில், சோறும் பட்டர் பீன்ஸ் குழம்பும் பூண்டு ஊறுகாயும் 90 ரூபாய். பீன்ஸ் பெருவிரல் தண்டிக்கு, நாக்கில் வைத்தால் மாவாகக் கரைகிறது. இரண்டாவது முறை குழம்பு கேட்டால், கேட்டதற்காகவே சந்தோஷப்படுகிறார்கள்.

பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். பைன் தோப்பில் பத்து நிமிஷம், சீகைத் தோப்பில் (வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம்) பத்து நிமிஷம், சோலை ஓரத்தில் பத்து நிமிஷம் நின்று கேளுங்கள். பைனில் காற்று மட்டும்தான். தரையில் ஊசியிலை மெத்தையாகக் கிடக்கிறது, காலால் கிளறினால் அடியில் தூசி. சருகு கிளறித் தின்கிற குருவிக்கு அங்கே என்ன இருக்கிறது? சீகையில் வெள்ளைக்கண்ணிகள் சில. மூன்றாவது இடத்தில், ஓடை மடிப்பில் ஒதுங்கியிருந்த ஒரு சின்னச் சோலையில், உச்சிவெயிலிலும் ஒரு சோலைக்கிளி பாடியது. கூடவே பழனிச் சிலப்பன் கூட்டம் ஒன்று. அது தைரியசாலி, வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு, நாலைந்தாகச் சேர்ந்து முள்ளிப்பழப் புதரில் கலகலவென்று கத்திக்கொண்டு ரோட்டோரத்துக்கே வரும். சோலைக்கிளிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சோலை இருந்தால் இருக்கும்.

இங்கே இயற்கையாக இருந்தது மடிப்பில் சோலை, முதுகில் புல்வெளி. புல்லைத் தரிசு என்று நினைத்து அதில் சீகையும் பைனும் தைலமரமும் நட்டார்கள். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள், சுமார் 609 சதுர கி.மீ. மன்னவனூரில் மிச்சமிருக்கிற புல்மேட்டின்மேல் நின்று பார்த்தால், எதிர் மலை முழுக்க ஒரே உயரத்தில் சீப்பு வாரிய மாதிரி மரம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். சுற்றுலா வந்தவர்கள் அந்தப் பைன் தோப்பில்தான் படம் எடுக்கிறார்கள்.

நாலு மணிக்குக் கோடைமழை, சொல்லாமல் கொள்ளாமல். வண்டி நின்ற இடத்துக்கு ஓடி வருவதற்குள் தொப்பல்.

மார்ச் 9, ஞாயிறு – இறக்கம்

மழை பெய்த மறுநாள் அட்டை. நேற்று வரை ஒன்றுகூடக் கிடையாது, இன்று சிறுபாலத்துப் புல்லில் ஒவ்வொரு நுனியிலும் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டு, சாக்ஸில் புகையிலைத் தண்ணீர் தடவினால் ஏறாது. மழையில் நனைந்தால் மறுபடி தடவ வேண்டும். ஏறிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தை வாய்ப் பக்கம் தட்டையாக வைத்து வழித்துவிட்டால் விட்டுவிடும். உப்புப் போட்டால் கக்கிவிட்டு விழும், அந்தக் கக்கல் கடிவாயில் பட்டால் புண் சீழ் பிடிக்கலாம். ரத்தம் ஒரு மணி நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

ஈரத்துக்கு அட்டை வந்த மாதிரியே புழுவும் மேலே வந்திருக்க வேண்டும். 6.20-க்குள் இரண்டு சோலைக்கிளிகள், ஒன்று கரையின் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஆண் பெண் இரண்டும் ஒரே மாதிரி என்பதால் ஜோடியா பக்கத்து வீட்டுக்காரர்களா என்று முதலில் தெரியவில்லை. ஒன்று பாடியது, மற்றது பாடாமல் அதே கல்லுக்கு வந்து பக்கத்தில் மேய்ந்தது, விரட்டல் இல்லை. ஜோடிதான்.

பத்து மணிக்கு அக்கா கடையில் கடைசி டீ. கணக்குப் பார்த்தால் நாலு நாளில் 340 ரூபாய். 300 போதும் என்றார். வண்டி பெருமாள்மலை இறங்குகிற வரை உள்ளே பூண்டு வாசனை. ஓட்டுநர் ஜன்னலை இறக்கிவிட்டு, “சார், கடைசியில கிளி கெடச்சுதா இல்லையா?” என்றார்.

போனை நீட்டினேன். ஒரு கையால் வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் திருப்பித் தந்தார். “இது குருவி சார்.”